மாண்டிசோரி அம்மையார் சரித்திரமும் நம் பாலர் கல்வியும்

கல்வியென்னும் மாளிகைக்கு மேல்மாடி எழுப்புவதில் நம்மவர்க்குள்ள ஊக்கம் அதன் அஸ்திவாரத்தை இடுவதில் காணப்படுவதில்லை. நம் குலத்துச் செல்வர்கள் கல்லூரி மாணவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கின்றனர். பரீட்சையில் முதன்மை பெற்றோர்க்கு ஆண்டு விழாவில் பரிசு வழங்குகின்றனர். இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும் மூன்று வயதுக் குழந்தை யாரிடம் விடப்பட்டிருக்கிறது, பகற்பொழுதை எங்கே கழிக்கிறது, அதன் கையும் கண்ணும் எதைக் கற்கின்றன என்று கேட்போர் அரியர். தொண்டியினின்று இராமேச்சுரம் வரையிலுள்ள நம் கடலோர ஊர்களில், தந்தை வலையோடும் தாய் கருவாட்டோடும் கடற்பாசியோடும் பனையோலையோடும் பாடுபடும்போது, சிறு குழந்தைகள் மூத்த குழந்தைகளின் இடுப்பிலே வளர்கின்றனர். சற்று வசதியுள்ள வீடுகளிலோ, பால்மணம் மாறாத பாலனுக்குக் கழுத்துப்பட்டி கட்டி, பொருளறியாத பாட்டை மனப்பாடம் செய்வித்து, அதனையே கல்வியென்று மகிழ்கின்றனர். ஒன்று கவனியாமை, மற்றொன்று கவனிப்பின் பெயரால் நேரும் கொடுமை. இவ்விரண்டுக்கும் நடுவே செவ்விய வழியொன்று உண்டென்று உலகுக்குக் காட்டியவருள் முதன்மையானவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் இத்தாலியிற் பிறந்தவராயினும், தம் முதுமையில் பல ஆண்டுகள் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, நம் நாட்டு ஆசிரியர்க்கே நேரில் கற்பித்தவர். ஆதலின் அவருடைய சரித்திரம் நமக்கு அயலாருடைய சரித்திரம் அன்று.

அம்மையார் 1870-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி, இத்தாலி தேசத்தில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய வழக்கங்களில் பற்றுள்ளவர். தாயார் ரெனில்டே கல்வியில் விருப்பம் மிக்கவர். ஒரே மகளாகிய மரியாவின் எண்ணங்களுக்கு என்றும் துணை நின்றவர். மரியா சிறுமியாயிருக்கும்போதே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்து இத்தாலியப் பெண்மக்கள் கற்க விரும்பினால் அவர்க்குத் திறந்திருந்த தொழில் பெரும்பாலும் உபாத்திமைத் தொழில் ஒன்றே. பெற்றோரும் அதனையே எடுத்துரைத்தனர். மரியாவோ அதனை மறுத்துப் பதின்மூன்றாம் பிராயத்தில் ஆண்பிள்ளைகள் கற்கும் தொழிற்கல்விப் பள்ளியிற் சேர்ந்தார். கணிதமும் யந்திர நுட்பமும் பயின்றார். பின்னர் அவ்வெண்ணமும் மாறி, வைத்தியம் கற்கத் துணிந்தார். ஆசிரியராக மாட்டேன் என்று பிடிவாதம் செய்த பெண்ணே உலகத்து ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராக விளங்கியது விதியின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும்.

ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்ற காலத்தில் அவர் பட்ட இன்னல்கள் பல. ஆடவர் நடுவே ஒரு பெண் பிரேதத்தை அறுத்துச் சோதித்தல் தகாதென்று கருதப்பட்டமையால், மற்ற மாணவர் யாவரும் சென்றபின், மாலை வேளையில் தனியே பிணவறையிலிருந்து அவர் அப்பாடத்தைக் கற்றார். இத்தகைய தடைகளையெல்லாம் கடந்து 1896-ஆம் வருஷத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் சில பெண்மணிகளுள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின், ரோமாபுரியில் சித்த நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியில் அவர் பணியாற்றினார். அங்கே, அறிவு மந்தமுள்ளவர்கள் என்று தள்ளப்பட்ட குழந்தைகள் பித்தரோடு பித்தராக அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் கையாள ஒரு பொருளில்லை. விளையாட ஒரு துணையில்லை. அக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தன்று, கல்வியே என்ற எண்ணம் அம்மையார் உள்ளத்தில் உதித்தது. பிரெஞ்சு தேசத்து வைத்தியர்களாகிய இதார், செகேன் என்னும் இருவர் நூல்களைத் தேடிக் கற்றார். இதார் என்பவர் காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குப் பல ஆண்டு முயன்று கற்பித்தவர். செகேன் என்பவர் அவர் வழியைப் பின்பற்றிக் கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி தரும் கருவிகளைச் செய்தவர். 1900-ஆம் வருஷத்தில் ரோமாபுரியில் இத்தகைய குழந்தைகளுக்கெனத் தொடங்கப்பெற்ற கல்விச்சாலையை நடத்தும் பொறுப்பு அம்மையாருக்குக் கிடைத்தது. பகல் முழுவதும் குழந்தைகளோடிருப்பார். இரவில் அன்று கண்டவற்றை எழுதிவைப்பார். சில காலத்துக்குள் அக்குழந்தைகளிற் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றுப் பொதுப் பரீட்சையிலும் தேறினர். கண்டவர் வியந்து பாராட்டினர். அம்மையாரோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு முன்னேறக்கூடுமானால், குறையற்ற குழந்தைகள் சாதாரணப் பள்ளிகளில் அவர்களுக்குச் சமமாகவே நின்றுவிடக் காரணம் யாது? குறை குழந்தைகளிடமா, பள்ளிகளிடமா? இக்கேள்வியே அவருடைய வாழ்நாட் பணிக்கு வித்தாயிற்று.

இக்காலத்தைப் பற்றிய மற்றொரு செய்தியையும் மறைத்தல் தகாது. 1898-ஆம் வருஷம் அம்மையாருக்கு மரியோ என்னும் புதல்வன் பிறந்தான். அவர் மணம் புரியாதவர். அக்காலத்துச் சமுதாயக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சிக் குழந்தையைக் கிராமத்தில் பிறர் வளர்க்கும்படி விடலாயிற்று. உலகத்துக் குழந்தைகளின் உரிமைக்காகப் பாடுபட்டவர் தம் குழந்தையைத் தம் குழந்தையென்று வெளிப்படச் சொல்ல இயலாமல் நெடுங்காலம் துன்புற்றார். தாயாரின் மறைவுக்குப் பின்னரே, பதினைந்து வயதளவில் மரியோ அன்னையிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் இறுதிவரை உடனிருந்து உழைத்தார்.

இனி, அம்மையாரின் புகழுக்கு அடிப்படையான நிகழ்ச்சியைக் கூறுவாம். ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது கூலித் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு. ஒரு கட்டிடச் சங்கத்தார் அங்கிருந்த பாழான வீடுகளைச் செப்பனிட்டுத் தொழிலாளரைக் குடியேற்றினர். பெற்றோர் கூலிக்குச் சென்றபின், பள்ளி செல்லும் வயதடையாத குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து, புதுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழ்படுத்தின. சுவரைக் காப்பதற்காகக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று சங்கத்தார் எண்ணி, அப்பொறுப்பை ஏற்குமாறு அம்மையாரை வேண்டினர். பேராசிரியர் பதவியிலிருந்த வைத்தியர் இதனைக் கேட்டு இகழ்ந்து ஒதுக்கியிருக்கலாம். அவரோ உவந்து ஏற்றார். 1907-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி ஏறக்குறைய ஐம்பது குழந்தைகளோடு முதலாவது பாலர் இல்லம் திறக்கப்பட்டது. அழுத கண்ணும் மிரண்ட பார்வையுமாய் வந்த குழந்தைகள் அவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்ந்த பெண்ணும் உபாத்திமைப் பயிற்சி பெற்றவள் அல்லள். இதனை ஒரு குறையாக அம்மையார் கருதவில்லை. பழைய முறையில் ஊறாதவளாகையால், சொன்னபடி செய்வதும், கண்டதைக் கண்டபடி சொல்வதும் அவளுக்கு எளிதாயின.

அங்கே அம்மையார் கண்டவை சிலவற்றை உபாத்தியாயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளிற் பொருத்துவதும் எடுப்பதுமாயிருந்தாள். அவள் கவனம் எவ்வளவு ஆழ்ந்தது என்றறிய, சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார் அம்மையார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார். சிறுமி உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையையே தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் அதனைச் செய்தபின், உறங்கி எழுந்தவள்போல் முகமலர்ந்து தானே நிறுத்தினாள். குழந்தைக்கு மனம் ஒருமுகப்படாது என்று கூறுவோர், அதற்குத் தக்க வேலை கொடுத்துப் பார்த்ததில்லை என்பது அன்று விளங்கிற்று. வேறொரு நாள், உபாத்தியாயினி காலங்கடந்து வந்தபோது, பூட்ட மறந்த அலமாரியைத் திறந்து குழந்தைகள் தத்தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே எடுத்து வேலை செய்துகொண்டிருக்கக் கண்டாள். அவள் அதனைக் களவென எண்ணினாள். அம்மையாரோ, தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் அறிவு குழந்தைக்கு உண்டென்பதற்கு அதுவே சான்றெனக் கொண்டார். அன்று முதல் பூட்டிய உயர்ந்த அலமாரிக்குப் பதிலாகக் குழந்தையின் கைக்கு எட்டும் திறந்த தட்டுகளை அமைத்தார். மற்றொரு நாள், மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொள்ளும் முறையை ஓசையின்றிச் செய்து காட்டினார். குழந்தைகள் கைகொட்டி ஆரவாரித்தன. மூக்கொழுகுவதற்காக அவர்கள் ஓயாமல் வசை கேட்டிருந்தனரேயன்றி, அதனைத் துடைக்கும் முறையை ஒருவரும் பொறுமையோடு கற்பித்ததில்லை. இழிவின்றிக் கற்பிக்கப்பெற்றமையே அவர்களுடைய மகிழ்ச்சிக்குக் காரணம். ஒரு சிறு பாடத்துக்குள் எவ்வளவு பெரிய நீதி அடங்கியிருக்கிறது!

எழுத்தறிவித்த வகை இன்னும் வியப்புடையது. பெற்றோரே தம் மக்களுக்கு எழுத்துக் கற்பிக்குமாறு வேண்டினர். மரத்தால் எழுத்துக்களைச் செய்விக்க நினைத்தும் அது கைகூடவில்லை. ஆதலின் அம்மையார் உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை தன் விரல்நுனியால் சொரசொரப்பான அவ்வெழுத்தைத் தடவும். தடவும்போதே அதன் ஒலியைக் கேட்கும், சொல்லும். கண், செவி, கை மூன்றும் ஒருங்கே கற்கும். சில மாதங்களுக்குப்பின், ஒரு சிறுவன் சுண்ணக்கட்டியால் தரையிற் படம் வரைந்துகொண்டிருந்தவன், திடீரெனத் தன்னால் எழுத இயல்வதைக் கண்டு கூவினான். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குழந்தைகள் தரையிலும் சுவரிலும் கதவிலும் எழுதித் தள்ளலாயினர். சுவரைக் கிறுக்காதிருக்கத் திறந்த பள்ளியில் சுவரெல்லாம் எழுத்தாயிற்று.

இதனைப் படிக்கும் நம் முதியோர்க்கு ஒரு நினைவு வருதல் கூடும். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, அதிலே விரலால் அகரத்தை வரையச் செய்து, வரையும்போதே வாயாற் சொல்லச் செய்வது நெடுங்கால வழக்கம். 1789-ஆம் வருஷத்தில் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் கல்விச்சாலையை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் கைக்கொண்டார். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797-ல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரோடு அது பிற தேசங்களிலும் பரவிற்று. மேனாட்டாரிடமிருந்து நாம் கற்பது தாழ்வன்று. நம்மிடமிருந்து அவர்களும் கற்றதுண்டு. ஆயினும் திண்ணைப் பள்ளியில் மணலோடு பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. அம்மையாருடைய பள்ளியில் சொரசொரப்பான எழுத்து இருந்தது, பிரம்பு இல்லை. மணலை மறந்து பிரம்பை மட்டும் மறவாதிருந்தமை நமது பெரும் பிழை.

1909-ஆம் வருஷத்தில் அம்மையார் தம் முறையை நூலாக எழுதினார். விரைவில் பல பாஷைகளில் அது பெயர்க்கப்பட்டது. பல தேசத்து ஆசிரியர்கள் ரோமாபுரிக்குத் திரண்டு வந்தனர். 1915-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பெருங்கண்காட்சியில், கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே ஒரு வகுப்பு நடத்தப்பெற்றது. வெளியே கூட்டம் நெருங்கி நோக்கியும் உள்ளே குழந்தைகள் தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர். எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. கில்பாட்ரிக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1914-ல் ஒரு நூல் வரைந்து, இக்கருவிகள் ஒரே வகைப் பயிற்சிக்கு மட்டும் இடந்தந்து குழந்தையின் கற்பனைக்கும் கூடி விளையாடுவதற்கும் போதிய இடந்தரவில்லை என்று குறை கூறினார். ஜெர்மனி தேசத்து பிரோபெல் என்பவர் 1837-ல் தொடங்கிய பாலர் பள்ளியில் பாட்டும் விளையாட்டும் கதையும் முதலிடம் பெற்றிருந்தன. அதனையும் இதனையும் ஒப்பிட்டு வாதித்தோர் பலர். இரண்டிலும் நலமுண்டு. குழந்தை தோட்டத்துச் செடிபோலத் தானே வளர்வது, ஆசிரியர் தோட்டக்காரர்போல நிலத்தைப் பண்படுத்துவோரே என்பதில் இருசாராரும் உடன்பட்டவரே.

புகழோடு சோதனையும் வந்தது. இத்தாலியில் அதிகாரம் பெற்ற முசோலினி 1924-ஆம் வருஷம் முதல் மாண்டிசோரி பள்ளிகளுக்கு அரசாங்க ஆதரவு அளித்தான். அம்மையார் அவ்வாதரவை ஏற்றார். பள்ளிகள் பெருகட்டும் என்ற ஆசை, கொடுங்கோலின் உட்கருத்தைக் காணவொட்டாமற் செய்தது போலும். குழந்தைகளைப் போர்வீரராக அணிவகுப்பதற்கும், தாமே நினைத்துத் தாமே தேரும் மனிதராக வளர்ப்பதற்கும் பொருத்தம் ஏது? 1934-ல் உறவு முறிந்தது; இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் ஹிட்லர் ஆட்சி அவற்றை மூடிற்று. ஸ்பெயின் தேசத்தில் வாழ்ந்து வந்த அவர், 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் அதனையும் துறந்து ஹாலந்து தேசம் புகுந்தார். அறுபத்தாறாம் வயதில் நாடிழந்து, வீடிழந்து, மீண்டும் தொடங்கினார்.

இந்தியாவோடு அவருக்கு முன்பே தொடர்பிருந்தது. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்னும் பெரியார் வக்கீல் தொழிலை விட்டு, 1920-ல் பாவநகரில் பால மந்திரம் தொடங்கி அம்மையாரின் முறையைத் தம் மொழிக்கும் கதைக்கும் ஏற்ப வளர்த்தார். காந்தியடிகள் 1931-ல் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்து, ஏழைக் குழந்தைகளுக்கும் இக்கல்வி எட்டவேண்டுமென்ற தம் கவலையை வெளியிட்டார். பின்னர் பிரமஞான சங்கத் தலைவர் அருண்டேல் அழைப்பை ஏற்று, 1939-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அம்மையார் தம் புதல்வர் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஆல்காட் தோட்டத்திலே நடந்த முதற் பயிற்சி வகுப்பில் முந்நூறு பேருக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார். சில மாதங்களில் திரும்பிவிட எண்ணி வந்தவரை யுத்தம் நிறுத்திவிட்டது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும், இங்கிருந்த இத்தாலியர் பகைநாட்டாராகக் கருதப்பட்டனர். மரியோ அகமதுநகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, அவருடைய எழுபதாம் பிறந்தநாட் பரிசாக, அவர் புதல்வரை விடுவிப்பதாக அரசப் பிரதிநிதியிடமிருந்து செய்தி வந்தது. நெடுங்காலம் உலகத்தார் முன் மகனென்று சொல்லப்படாதவர் அச்செய்தியில் மகனென்றே குறிக்கப்பட்டிருந்தார். அந்த மகிழ்ச்சி அவருக்கு நம் தமிழ் மண்ணில் கிடைத்தது.

1942 முதல் 1944 வரை அம்மையார் கோடைக்கானலில் தங்கினார். அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்கும் சிறு பள்ளியொன்று அமைந்தது. மலையும் ஓடையும் செடியும் பூச்சியுமே அவர்களுடைய பாடநூல். உலகத்துப் பொருள்கள் யாவும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன என்பதைக் கதிரவனிலிருந்து புல்நுனி வரை ஒரு தொடராகக் குழந்தைக்குக் காட்டும் கல்விமுறையை அவர் வளர்த்தது பெரும்பாலும் அங்கேதான். பின்னர் சேதுக்கடலுக்கு அப்பாலுள்ள இலங்கைக்கும் 1944-ல் சென்று ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்து, 1949 வரை பணி செய்தார். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952-ஆம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி, ஹாலந்து தேசத்துக் கடற்கரை ஊராகிய நூர்ட்விக்கில், எண்பத்தொன்றாம் பிராயத்தில் அவர் ஆவி நீங்கிற்று. கடலோசை கேட்கும் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

இச்சரித்திரத்தினின்று நம் ஆசிரியர் கொள்ளத்தக்கது யாது? விலையுயர்ந்த மரக்கருவிகளை வாங்குதல் என்று எண்ணுவோர் தோலைக் கொண்டு சுளையை எறிந்தவராவர். கூலிக்காரர் குழந்தைகளோடு தொடங்கப்பெற்ற முறையின் பெயர், இன்று பல ஊர்களில் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பலகையில் தொங்குவது காலத்தின் கோலம். அம்மையார் கொண்ட முதற் கருவி கண். அவர் கற்பிக்குமுன் பார்த்தார், பார்த்ததை எழுதினார், எழுதியதைக் கொண்டு தம்மையே திருத்திக்கொண்டார். குழந்தை தவறினால் அதனை வையாமல், கருவி தவறோ, காலம் தவறோ, தாம் காட்டிய முறை தவறோ என்று ஆராய்ந்தார். இந்த ஒரு பழக்கத்துக்குக் காசு வேண்டுவதில்லை.

அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கிஜுபாயின் துணைவராய் உழைத்த தாராபாய் மோடக் அம்மையார், பட்டணத்துப் பள்ளிகளில் மட்டும் இம்முறை தங்கிவிடுவதைக் கண்டு மனம் பொறாமல், 1945-ல் அக்காலத்துப் பம்பாய் மாகாணத்துக் கடலோர ஊராகிய போர்டியில் ஏழைச் சேரிகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றார். இலை, விதை, கல், களிமண் ஆகியவையே கருவிகளாயின. அங்கணவாடி என்ற பெயர் அம்முற்றத்துப் பள்ளிகளோடு பிறந்தது. 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்மூலம் அங்கன்வாடி என அது நாடெங்கும் பரவிற்று. பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக் காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் எழுப்பிய கல்வி நிலையங்களுள் மாண்டிசோரி அம்மையார் பெயர் தாங்கியதும் ஒன்று. தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் 2007-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய செயல்வழிக் கற்றலிலும், குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த கரும்பலகையும், தரையிலமர்ந்து கூடிக்கற்கும் முறையும் அவ்வழி வந்தனவே. உலகத்தின் பிற பாகங்களை நோக்கினும் இக்கருத்தே வலுப்பெறுகிறது. பின்லாந்து தேசத்தில் ஏழு வயதிலேயே முறையான பள்ளிப் படிப்பு தொடங்குகிறது. அதற்கு முன் விளையாட்டே பெரும்பாடம். ஜப்பான் தேசத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் தம் வகுப்பறையைத் தாமே பெருக்கித் துடைத்து, உணவையும் தாமே பரிமாறுகின்றனர். அவசரப்படாதவர் பின்தங்கவில்லை, தம் வேலையைத் தாமே செய்தவர் இழிவடையவுமில்லை.

நம் கடற்கரையில் கருவிகளுக்குப் பஞ்சமா? சிறிதும் பெரிதுமான சிப்பிகளை வரிசைப்படுத்தினால் பருமன் விளங்கும். சோழியை எண்ணினால் கணக்கு விளங்கும். பனையோலையில் கிலுகிலுப்பையும் கொட்டானும் முடைந்தால் விரல் பழகும். சங்கைக் காதில் வைத்தால் செவி கூர்மையாகும். வலைக்கண்ணின் முடிச்சைப் போட்டு அவிழ்த்தால் பொறுமை வளரும். எழுத்துக்கு ஈரமணல் உண்டு. அலை வந்து அழித்தால் மறுபடி எழுதலாம். இராமேச்சுரத்தில் பிறந்து இந்தியாவின் குடியரசுத் தலைவராய் உயர்ந்த அப்துல் கலாம், தம் இளமையில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை பறக்கும் வகையைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு நில்லாமல் மாணாக்கரைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டியதையும், அதுவே தம் வாழ்க்கையின் போக்கை அமைத்ததையும் பலகாலும் நினைவுகூர்ந்துள்ளார். அவ்வூர்ப் பள்ளியிலேயே புதிதாக வந்த வேறோர் உபாத்தியாயர், கோயில் அர்ச்சகர் புதல்வனோடு முஸ்லிம் சிறுவன் சமமாக உட்காருதல் பொறாமல் கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பியதையும், சிறுவனின் தந்தையாகிய லட்சுமண சாஸ்திரியார் அவ்வுபாத்தியாயரை அழைத்துக் கண்டித்துத் திருத்தியதையும் அவர் தம் சுயசரிதத்தில் எழுதியுள்ளார். ஆசிரியரின் ஒரு செய்கை பிள்ளையின் உள்ளத்திற் சிறகு முளைப்பிக்கும்; மற்றொரு செய்கை முள் தைக்கும். இரண்டும் ஆயுள்வரை நிற்கும்.

குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இதனைச் சிறப்பாக எண்ணுதல் வேண்டும். ஐந்து வயதுக்குள் குழந்தை கற்பவை எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல. தான் யார், தன் பக்கத்திலிருப்பவன் யார் என்பதையும் அப்போதே கற்கிறது. நாம் ஒரு பாலர் பள்ளியை ஆதரிப்போமானால் அதன் வாயில் தெருவிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்திருத்தல் வேண்டும். நம் பிள்ளை பிறர் பிள்ளையோடு ஒரே பாயில் அமர்ந்து ஒரே சோழியைப் பகிர்ந்து எண்ணக் கற்பதே, அக்குலத்துக்கு நாம் தேடிவைக்கும் மெய்யான பெருமை.

ஆதலின் சங்கத்து அன்பர்களை வேண்டிக்கொள்வது இது. புதுக் கட்டிடம் எழுப்பப் பொருள் சேருமட்டும் காத்திராதீர்கள். அவரவர் ஊரிலுள்ள அங்கன்வாடிக்கு ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே நிழல் உண்டா, குடிநீர் உண்டா, குழந்தையின் கைக்கெட்டும் தட்டு உண்டா, அங்குள்ள பெண்மணியின் உழைப்பை மதிப்பார் உண்டா என்று கேளுங்கள். குறையுள்ளதை நிறைவு செய்யுங்கள். ஆண்டு விழாவில் கல்லூரி மாணவருக்குப் பரிசளிக்கும் அதே மேடையில், சிறு குழந்தைகளைப் பொறுமையோடு பேணும் ஒரு பெண்மணிக்கும் பொன்னாடை போர்த்துங்கள். உபாத்தியாயர்களே, நாளைக் காலையில் பாடந் தொடங்குமுன் கால்நாழிகை பேசாதிருந்து, உங்கள் முன்னுள்ள குழந்தைகளின் கைகளைப் பாருங்கள். அவை எதைத் தேடுகின்றன என்பதை அறிந்தபின் கற்பியுங்கள். சான் லொரென்சோவின் ஓர் அறையில் ஒரு பெண்மணி செய்தது அவ்வளவே. அதனை நம் சேதுக்கரையிலும் செய்யலாம்; செய்தல் நம் கடமை.